மூலையில் தெரிந்த மோதிரம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பெரிய டாக்டர் தொடங்கி வாசலில் நிற்கும் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'ஒத்தப்படம்'தான். எக்ஸ்ரே அறையில் ஒரு ஆளுக்கு அவள் இரண்டாவது படம் எடுத்து யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பெயர்.

கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் வந்த கெட்டிக்காரத்தனம் அது. ஸ்டோர்க்காரர் காலையில் முப்பது ஃபிலிம் எண்ணிக் கொடுப்பார். வெளியே பெஞ்சில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு படம் கெட்டுப்போனால், பெஞ்சின் கடைசியில் இருக்கும் ஒருவர் உடைந்த கையோடு வீட்டுக்குப் போய் மறுநாள் திரும்பி வர வேண்டும். அந்தக் கடைசி ஆளின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் ஒத்தப்படம் தினமும் முதல் ஆளை உள்ளே கூப்பிடுவாள்.

மெஷினுக்கு வயதாகிவிட்டிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாயும். திருகை இறுக்கி, அதற்கு மேல் பேண்டேஜ் துணியை வரிந்து கட்டி அதை நிமிர்த்தி வைத்திருந்தாள். படம் எடுக்கிற சுவிட்சு ஒரு சுருள் வயரின் நுனியில் தொங்கும். அதை அறை முழுக்க இழுத்துக்கொண்டு நடக்கலாம். வலது கையில் சுவிட்சு, இடது கையில் நோயாளி. அழுகிற குழந்தையின் முழங்காலையும், நடுங்குகிற பெரியவரின் தோளையும், குடித்துவிட்டு விழுந்தவனின் தாடையையும் அந்த இடது கை பிடித்துக்கொள்ளும். வலது கை அமுக்கும். வேலை முடிந்தது.

பிடித்தால் கை சும்மா இருக்குமா, அதுவும் படத்தில் விழும். அவள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஒரு மூலையில் இரண்டு விரல் எலும்பு தெரியும். அதில் ஒன்றில் வெள்ளை வளையமாக மோதிரம் தெரியும். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் முதலில் மூலையைத்தான் பார்ப்பார். "மோதிரம் இருக்கு. அப்ப படம் சரியாத்தான் இருக்கும்" என்பார். பரிசு, பாராட்டு என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை. கிடைத்தது இந்த ஒரு வாக்கியம். அதை அவள் கணவனிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள், போனில் மாமியாரிடமும் சொன்னாள்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். அங்கேயும் பேட்ஜ் உண்டு. ஆனால் தொலைந்துபோனால் விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்று சூப்பிரண்டு அதை வாங்கித் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது அலமாரியிலிருந்து நேராகப் பரிசோதனைக்குப் போகும். நேராக அலமாரிக்குத் திரும்பி வரும். கூடவே, கதிர் எதுவும் படவில்லை, அளவு பூஜ்யம் என்று ஒரு கடிதமும் வரும். ஃபிலிம் கழுவுகிற டார்க்ரூம் அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அலமாரி நல்லா ஆரோக்கியமா இருக்காம்மா, கவலைப்படாதே" என்பார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பதினாலு வருஷம் அப்படிச் சிரித்தார்கள்.

வெளிநாட்டில் எக்ஸ்ரே எடுக்க ஆள் பற்றாக்குறை என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டவள் அவள்தான். கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நிரந்தர வேலை. "நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவளோடு விமானம் ஏறினார். அந்த ஊரில் அவருக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. "இதுவும் டிரைவர் வேலைதான். நாலு மூலையும் நேரா வரணும்" என்று சொல்லிவிட்டு மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவளுடைய சான்றிதழை அந்த ஊர்க்காரர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பதினாலு வருஷ அனுபவம் நல்லதுதான், ஆனால் எங்கள் கல்லூரியில் ஒரு வருஷம் படிக்க வேண்டும், முடிவில் பத்து நோயாளிகளை வைத்து ஒரு செய்முறைத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். தேர்வுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் கோப்பை மூடிவிடுவார்கள். கோப்பு மூடினால் விசாவும் மூடும். மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். விட்டுவந்த பஸ்ஸில் அதற்குள் வேறு டிரைவர் ஏறி உட்கார்ந்திருந்தார்.

செய்தி கேட்டு மாமியார் போன் செய்தார்.

"படம் எடுக்கறதுக்கு ஒரு வருஷப் படிப்பாம்மா? உங்க கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரன் எங்க படிச்சான்? சிரிங்கன்னான், சிரிச்சோம், எடுத்துட்டுப் போயிட்டான்."

"இது உள்ளே இருக்கறதை எடுக்கறது அத்தை."

"உள்ளே இருக்கறது ஊருக்கு ஊர் மாறுமா?"

உண்மையைச் சொன்னால், அவள் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது.

வகுப்பில் அவளைத் தவிர இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் இருபது வயதுக்குப் பக்கத்தில். பாடம் நடத்துகிறவளுக்கே இருபத்தொன்பது. முப்பத்தொன்பது வயதில் இவள் முதல் வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தாள். முதல் வாரம் தலையால் தண்ணீர் குடித்தாள். சொல்கிற பாஷை புரியும், சொல்கிற வேகம் புரியாது. மகள் பள்ளியிலிருந்து வந்து, அன்றைய குறிப்புகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உச்சரிப்பைத் திருத்துவாள். திருத்தும்போது அந்தக் குழந்தை முகத்தில் வருகிற வாத்தியார்க் களையைப் பார்த்துத் தாய்க்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

ஆனால் எக்ஸ்ரே அறைக்குள் போனால் கதையே வேறு. அங்கே ஃபிலிம் கிடையாது. அமுக்கினால் மூன்று விநாடியில் திரையில் படம் வரும். கோணலாக இருந்தால் பிள்ளைகள் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொன்று எடுப்பார்கள். அதுவும் கோணினால் இன்னொன்று. ஒத்தப்படத்துக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசும். அவள் நோயாளியைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். தோள் எலும்பு எங்கே நிற்கிறது, முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று துணிக்கு மேலேயே கண் பார்த்துவிடும். இரண்டு விரலால் லேசாகத் திருப்பி வைப்பாள். ஒரே படம். இரண்டாவது மாதத்திலிருந்து, முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாள். ஆறாவது மாதத்தில் பாடம் நடத்துகிறவளே, "நீங்க வைக்கறதைப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஒத்தப்படம் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த அறையில் அவளுக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, படம் எடுக்க அமுக்குகிற பித்தான். அதற்கு வயரே கிடையாது. தடித்த கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சுவரோடு பதித்து வைத்திருந்தார்கள். அமுக்க வேண்டும் என்றால் நோயாளியைத் தனியே விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தே ஆக வேண்டும். இன்னொன்று, மூலையில் இருந்த அலமாரி. முக்கோணம், சதுரம், உருளை என்று விதவிதமான ஸ்பாஞ்சுகள், மணல் பைகள், பட்டைகள். ஆடாமல் அசையாமல் ஆளை நிறுத்தி வைக்க. அதற்கு அவள் 'தலையணைக் கடை' என்று பெயர் வைத்திருந்தாள். கை இருக்கும்போது தலையணை எதற்கு என்பது அவள் எண்ணம்.

தேர்வு நாள் வந்தது. தேர்வு நடத்த வந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குரல் உயராத மனுஷி. முதல் ஏழு பேர் வந்தார்கள், போனார்கள். ஏழு பேருக்கும் ஏழே படம். சங்கிலிக் கண்ணாடி அம்மாள் ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

எட்டாவதாக ஒரு வயதான பெண்மணி. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கை நடுக்கம் வேறு. வியாதி நடுக்கம், நிற்காது. மேஜை மேல் கையை வைத்தால் அது தானாகத் தாளம் போட்டது. ஒத்தப்படம் சரியாக வைத்தாள், கண்ணாடிக்குப் பின்னால் வந்தாள், பார்த்தாள். கை ஆடியது. திரும்பப் போய் வைத்தாள், வந்தாள். ஆடியது. அந்தப் பெண்மணி, "மன்னிச்சுக்கம்மா, என் கை என் பேச்சைக் கேக்காது" என்றார்.

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. மறு விநாடி ஒத்தப்படம் உள்ளே இருந்தாள். இடது கை அந்த முன்கையைப் பிடித்திருந்தது. அன்று உதவிக்கு நின்ற முடிவெட்டிய பெண்ணைப் பார்த்து, பதினாலு வருஷக் குரலில், "இப்ப அமுக்கு" என்றாள். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் அமுக்கியிருப்பார்கள். அவளும் அமுக்கிவிட்டாள். சங்கிலிக் கண்ணாடி அம்மாள் அந்த நேரம் பார்த்து ஏழாவது ஆளின் மதிப்பெண்ணை எழுதக் குனிந்திருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மூன்று விநாடியில் படம் திரைக்கு வந்தது. மணிக்கட்டு எலும்பு எட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கீழ் மூலையில் இரண்டு விரல் எலும்பு. ஒன்றில் மோதிரம்.

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இவ்வளவு நல்ல மணிக்கட்டுப் படம் நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு மூலையைத் தொட்டு, "இது யாரோட விரல்?" என்றார்.

"என்னுதுதான்" என்றாள் ஒத்தப்படம். வெட்கக்கேடு என்னவென்றால், அந்த ஒரு விநாடி அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எலும்பு டாக்டர் முன்னால் நிற்பது போலவே நின்றாள். பிறகுதான் முடிவெட்டிய பெண்ணின் முகம் வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்தாள்.

"இங்க ஒரு நாளைக்கு நாப்பது பேர் வர்றாங்க" என்றார் அம்மாள். "நாப்பது பேரையும் நீங்க பிடிச்சுக்கிட்டா, ஒரு வருஷத்துல உங்க கை எத்தனை படத்துல இருக்கும்னு யோசிச்சீங்களா?" குரல் அப்போதும் உயரவில்லை. தேர்வை அத்தோடு நிறுத்தினார். எட்டு பேருக்கு எட்டு படம் எடுத்தவள் தேறவில்லை. அமுக்கிய பெண்ணுக்கு ஒரு வாரம் பயிற்சி ரத்து; விளக்கக் கடிதம் வேறு.

முடிவெட்டிய பெண் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒத்தப்படம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க அந்தப் பாஷையில் அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றாக முண்டியடித்து வந்தன. அந்தப் பெண், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றாள். இதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது கணவர் காலணியைக் கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருஷமா செஞ்சது தப்புங்கறாங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"அந்த அம்மாவோட கை ஆடிச்சுங்க. யாராவது பிடிக்கணும்ல."

மூன்று நாள் அவள் கோபமாகவே இருந்தாள். பாத்திரங்கள் சத்தமாகக் கழுவப்பட்டன. இந்த ஊர்க்காரர்களுக்கு நோயாளியைத் தொடவே மனசு வராது, கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பித்தானை அமுக்குவதற்கு ஒரு பட்டம் வேறு என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். மகள் உச்சரிப்பைத் திருத்தாமல் ஒதுங்கியே இருந்தாள்.

நாலாவது நாள் கல்லூரிப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இங்கே பேட்ஜை அலமாரி போட்டுக்கொள்வதில்லை; மாணவர்கள் தினமும் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். அந்த மூன்று மாதக் கணக்கு அது. இருபத்திரண்டு பெயருக்கு நேராகவும் பூஜ்யம். இருபத்துமூன்றாவதாக அவள் பெயர். அதற்கு நேராக ஒரு சின்ன எண். பயப்படும்படியான எண் இல்லை. பாடம் நடத்துகிறவள் இல்லாதபோது நாலைந்து தடவை, பித்தானை வேறு யாரையாவது அமுக்கச் சொல்லிவிட்டு, ஒரு குழந்தையின் கால், ஒரு தாத்தாவின் தோள் என்று அவள் ஓடிப்போய்ப் பிடித்தது அங்கே எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். நாலைந்து தடவைக்கே இது. ஒரு நாளைக்கு முப்பது பேர், பதினாலு வருஷம். அலமாரி ஆரோக்கியமாக இருக்கிறது என்று வந்த கடிதங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. வயிறு வலிக்கச் சிரித்தது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் பயம் வந்தது; கொஞ்சம் தன்மேலேயே இரக்கமும் வந்தது.

அன்றே டாக்டரிடம் போய் ரத்தம், கண், தோல் எல்லாம் பரிசோதித்துக்கொண்டாள். எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றார்கள். நல்ல காலம். ஆனால் நல்ல காலம் என்பது அவள் செய்த வேலைக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஆறு மாதம் மதிய இடைவேளை முழுக்கத் தலையணைக் கடையில் கழிந்தது. எந்த முக்கோணம் எந்த முழங்கைக்கு, எந்த மணல் பையை எங்கே வைத்தால் நடுங்குகிற கை அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். முன்கையின் மேல் குறுக்காக ஒரு மணல் பையை வைத்திருந்தால் அந்தப் பெண்மணியின் கை அன்றைக்கே அடங்கியிருக்கும். ஐந்தடி தூரத்தில்தான் இருந்தது அந்தப் பை. முடிவெட்டிய பெண் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நோயாளியாக உட்காருவாள். வேண்டுமென்றே ஆடுவாள், நெளிவாள், சாய்வாள். அவள் மன்னித்துவிட்டாள் என்பதை அந்த ஆட்டத்தில்தான் ஒத்தப்படம் தெரிந்துகொண்டாள்.

இருந்தாலும் கை துறுதுறுத்தது. அதற்கு மருந்து வீட்டில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் கணவரை உட்கார வைத்தாள். கதவை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் நின்று, தொடாமல், அவரைச் சரியாக உட்கார வைக்க வேண்டும். மகள் கையில் டார்ச். சரியாக இருக்கும்போது அடிக்க வேண்டும்.

"வலது தோளை முன்னால கொண்டாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் காதில் கை வைத்துக்காட்டினார்.

"தோளு. தோளு."

அவர் எழுந்து கதவைத் திறந்தார். "தோசையா?" என்று கேட்கவில்லை, அந்த அளவுக்கு மோசமில்லை. "பேசாம சைகையில சொல்லு, பஸ்ஸுல கண்டக்டர் சொல்ற மாதிரி" என்றார். கதவை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அவள் பேச்சை நிறுத்தினாள். தன் தோளை முன்னால் கொண்டுவந்து காட்டினாள். அவர் தோள் வந்தது. முகவாயைத் தூக்கினாள், அவரும் தூக்கினார். கடைசியில் மூச்சு. நெஞ்சு எக்ஸ்ரேக்கு மூச்சை நிறைய இழுத்து நிறுத்த வேண்டும். அவள் தன் நெஞ்சு நிறைய, தோள் உயர, கண் விரிய மூச்சை இழுத்து நிறுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவரின் சட்டைப் பித்தான்கள் தெறிக்கிற மாதிரி நெஞ்சு உப்பியது. அவள் சொல்லவே இல்லை. அவராக இழுத்தார்.

"நீங்க ஏன் மூச்சு இழுத்தீங்க?" என்று கதவைத் திறந்து கேட்டாள்.

"நானா? நான் எங்க இழுத்தேன்?" என்றார் அவர். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். டார்ச் அடிக்க மறந்துபோனாள்.

இரண்டாவது தேர்வுக்கு அதே சங்கிலிக் கண்ணாடி அம்மாள். அன்றைக்கு மோதிரம் அவள் விரலில்தான் இருந்தது. கழற்றி வைத்துவிட்டுப் போகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. சலவைக்கூடத்தில் கணவர் அன்று மடித்த விரிப்புகளைப் பாதி திரும்ப மடிக்க வேண்டியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டாள்.

ஒன்பது பேர் முடிந்தார்கள். ஒன்பது படம். ஒரு வயதுக் குழந்தையைத் துணிப்பட்டையில் சுற்றி, முக்கோண ஸ்பாஞ்சு முட்டுக்கொடுத்து, அதன் அம்மா கண்ணாடி வழியாகக் கையாட்ட, அது அம்மாவைப் பார்த்து வாயைப் பிளந்த நேரத்தில் அமுக்கினாள். ஒரே படம்.

பத்தாவதாகச் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்தார். நெஞ்சுச் சளி. காதுக் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டார். காதருகே கத்தினால் கொஞ்சம் கேட்கும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினால் ஒன்றும் கேட்காது. முதுகுக்குப் பின்னால் பலகையை வைத்து, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு செருகி, காதில் "மூச்சை இழுத்துப் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வருவதற்குள் அவர் மூச்சை விட்டுவிட்டு இருமினார். முன்னால் சாய்ந்தார். போய் நிமிர்த்தினாள். வந்தாள். மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவை அவருக்கே அலுத்துப்போய், போதும் என்று கையைக் காட்டினார்.

தோளில் ஒரு கை வைத்தால் போதும். ஒரு விநாடி. அந்தக் கையை அவள் நன்றாக அறிவாள். அது தோளுக்குக் கிளம்பியும்விட்டது. அவள் அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிமேல் அழுத்தி வைத்தாள். இன்னொரு கை பித்தான்மேல் இருந்தது. சங்கிலிக் கண்ணாடி அம்மாள் இந்தத் தடவை எதையும் எழுதவில்லை. அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் ஒரு பெண் தோளை மெல்லத் தூக்கினாள். கன்னம் உப்பியது, கண் விரிந்தது, நெஞ்சு ஏறியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கவலைப்படவில்லை, சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, திரும்பவும் ஆரம்பித்தாள். மெதுவாக, ஏற ஏற, ஒரு பலூனை ஊதுகிற மாதிரி. அவர் சிரிப்பு அடங்கியது. அவருடைய தோளும் ஏற ஆரம்பித்தது. அவர் நெஞ்சும் நிறைந்தது. அவள் நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். அந்த அறையில் அப்போது இரண்டு பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள். சங்கிலிக் கண்ணாடி அம்மாளையும் சேர்த்தால் மூன்று பேர்.

அமுக்கினாள்.

படம் வந்தது. நுரையீரல் இரண்டும் அடிவரைக்கும் விரிந்திருந்தன. அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இடது மேல் மூலையைப் பார்த்தார். வலது மேல் மூலையைப் பார்த்தார். கீழ் மூலை இரண்டையும் நிதானமாகப் பார்த்தார்.

"விரல் எங்க?" என்றார்.

"என்கிட்டதாங்க இருக்கு" என்று ஒத்தப்படம் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். கண்ணாடிமேல் அழுத்தியிருந்ததில் உள்ளங்கை சிவந்து கிடந்தது.

சங்கிலிக் கண்ணாடி அம்மாள் அன்றைக்குத்தான் சிரித்தார். வெளியே தாழ்வாரத்தில் முடிவெட்டிய பெண்ணும், வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த கணவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒத்தப்படம் அவர்கள் முன்னால் போய் நின்றாள். தோளைத் தூக்கி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் காட்டினாள். அவ்வளவு பேர் நடமாடுகிற இடத்தில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடிக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

மாமியார் செய்தியைக் கேட்டதும் தெருவில் நாலு வீட்டுக்காவது அதைச் சொல்லியிருப்பார். ஒரு வாரத்தில் மருமகள் அந்த நாட்டு எலும்பு டாக்டர் ஆகிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். ஒத்தப்படம் திருத்திப் பார்த்தாள். "நீ சும்மா இரும்மா, எனக்குத் தெரியாதா" என்றார் மாமியார். அதோடு விட்டுவிட்டாள்.

அவள் தானாகப் போன் செய்தது டார்க்ரூம் அண்ணனுக்கு. அவள் கிளம்பிய பிறகு படம் எடுப்பதும் அவர்தான், கழுவுவதும் அவர்தான்.

"எலும்பு டாக்டர் தினமும் மூலையைப் பார்த்துட்டு, மோதிரத்தைக் காணோமேங்கறாரும்மா" என்றார் அவர். "இப்பல்லாம் என் விரல்தான் தெரியுது. என்கிட்ட மோதிரமும் இல்ல."

"அண்ணே, இனிமே யார் விரலும் தெரியக் கூடாது. மணல் பை தைக்கறதுக்கு அளவு அனுப்பறேன். அந்தப் பேட்ஜை அலமாரியிலேருந்து எடுத்துக் குத்திக்கங்க."

"சாவி சூப்பிரண்டு கிட்டல்ல இருக்கு."

"நான் பேசறேன்."

பதினாலு வருஷத்தில் சூப்பிரண்டு அறைக்குள் அவள் இரண்டே தடவைதான் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தவள். இப்போது போன் செய்து, வணக்கம் சொல்லி, தான் யார் என்று முழுப் பெயரையும் தேறிய பட்டத்தையும் சொல்லிவிட்டு, பேட்ஜ் யார் நெஞ்சில் இருக்க வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினாள். குரல் உயரவில்லை. யாரிடமிருந்து அந்தக் குரலைக் கற்றுக்கொண்டாள் என்று சொல்லத் தேவையில்லை. தொலைந்தால் விளக்கம் எழுத வேண்டுமே என்றார் சூப்பிரண்டு. எழுதிக்கொள்ளலாம் சார் என்றாள்.

மூன்று மாதம் கழித்து டார்க்ரூம் அண்ணன் போன் செய்தார். கடிதம் வந்திருக்கிறது என்றார். வழக்கமாகக் கடிதத்தைப் படிக்கும்போது வருகிற சிரிப்பு அவர் குரலில் இல்லை.

"பூஜ்யம் இல்லம்மா இந்தத் தடவை. ஒரு நம்பர் வந்திருக்கு. சின்ன நம்பர்தான், பயப்பட வேணாம்னு கீழே எழுதியிருக்கான்." போனில் காகிதம் சரசரத்தது. "மேலே என் பேர் போட்டிருக்கு. முழுப் பேரு, அப்பா பேரோட."

"படிங்கண்ணே" என்றாள் அவள்.

அவர் தன் பெயரை வாசித்தார். அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.